மதுரைச் சமவெளியில் கேமரா எங்கே நிற்கிறது? திரைமொழி, இயக்குநர் பாணி, சாதி: வகுப்பறைக்கான ஒரு வாசிப்பு

அமீர் இயக்கிய ‘பருத்திவீரன்’ 2007இல் வெளிவந்தது. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ 2024இல் வெளிவந்தது. இரண்டும் மதுரை வட்டாரத்து மண்ணில் நிகழும் கதைகள். இரண்டிலும் கருவேல மரங்களும் வெயிலில் காய்ந்த தடங்களும் வருகின்றன. முறுக்கிய மீசைகள் வருகின்றன. இரண்டிலும் ஓர் ஆதிக்க சாதிக் குடும்பம் தன் வீட்டுப் பெண்ணின் காதலைச் சாதியின் பெயரால் மறிக்கிறது. ஆயினும் முதல் படத்தைப் பார்த்து வெளியே வருபவர் ஒரு சண்டியரின் நினைவோடு வருகிறார்; இரண்டாம் படத்தைப் பார்த்து வருபவர் ஒரு குடும்பத்தின் வன்முறை குறித்த கேள்வியோடு வருகிறார். நிலமும் மக்களும் ஏறக்குறைய ஒன்றே. மாறியிருப்பது கேமரா நிற்கும் இடம், காட்சி வெட்டப்படும் நேரம், ஒலி பயன்படும் விதம் ஆகியவை. இவற்றையே நாம் திரைநுட்பம் என்கிறோம்.

காட்சித் தொடர்பியல், ஊடகவியல் வகுப்புகளில் இந்நுட்பங்கள் பெரும்பாலும் இலக்கணம்போல் கற்பிக்கப்படுகின்றன. தாழ்கோணம் ஒருவரை வலியவராகக் காட்டும், மேல்கோணம் எளியவராகக் காட்டும், அண்மைக் காட்சி உணர்ச்சியைக் காட்டும் என்று மாணவர்கள் எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள். யாரை வலியவராகக் காட்ட, யாருடைய உணர்ச்சியைப் பொருட்படுத்த இந்நுட்பங்கள் பயன்பட்டன என்ற கேள்வி பாடத்திட்டத்தின் ஓரத்தில்கூட இடம்பெறுவதில்லை. அக்கேள்வியைப் பாடத்தின் நடுவே வைத்து, மதுரையையும் அதன் சுற்றுப்புறச் சமவெளியையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, திரைமொழியை வாசிக்கும் முறையை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நுட்பம் நடுநிலையானதா?

உலகெங்கும் திரைப்பட வகுப்புகள் டி.டபிள்யூ. கிரிஃபித்தின் பெயரோடு தொடங்குகின்றன. 1915இல் அவர் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் இணைத் தொகுப்பு முதிர்ந்த வடிவம் பெற்றதாகப் பாடநூல்கள் கூறும். ஒரே நேரத்தில் இரு இடங்களில் நடப்பவற்றை மாறி மாறி வெட்டிக் காட்டிப் பதற்றத்தை வளர்ப்பதே இணைத் தொகுப்பு. அப்படத்தில் ஒருபுறம் கறுப்பின மக்களால் சூழப்பட்ட வெள்ளையர்கள். மறுபுறம் அவர்களை மீட்கக் குதிரையில் விரையும் கு க்ளக்ஸ் க்ளான் கூட்டம். வெட்டு வேகமாக வேகமாக, கொலைகாரக் கூட்டம் மீட்பர்களாக மாறுகிறது. அதே 1915ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்தில் அந்த அமைப்பு மீண்டும் நிறுவப்பட்டது. அதற்கு இப்படம் ஊக்கமளித்தது என்பது வரலாற்றாய்வாளர்கள் ஏற்கும் செய்தி.

ஐந்தாண்டுகள் கழித்து, 1920இல், கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோ ‘விதின் அவர் கேட்ஸ்’ என்ற படத்தை எடுத்தார். அதிலும் இணைத் தொகுப்பு உண்டு. ஒருபுறம் ஒரு கறுப்பினக் குடும்பத்தை வெள்ளையர் கும்பல் தூக்கிலிடுகிறது; மறுபுறம் அக்குடும்பத்துப் பெண்ணை ஒரு வெள்ளையர் வன்புணர முயல்கிறார். நுட்பம் அதேதான். கத்தரிக்கோலைப் பிடித்த கை மாறியதும் கொடுமைக்காரர் யார் என்ற பதிலும் மாறிவிட்டது.

கிரிஃபித்தை மட்டும் கற்று மிஷோவைக் கற்காத மாணவர், நுட்பத்தின் பாதியையே கற்றிருக்கிறார். தமிழ்த் திரையைக் கற்பதிலும் இதே குறை நேர்கிறது.

‘மதுரைப் படம்’ உருவான விதம்

1992இல் பரதன் இயக்கத்தில், கமல்ஹாசன் எழுத்தில், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில் ‘தேவர் மகன்’ வந்தது. அப்படத்தின் நாயகன் இறுதியில் ஆயுதத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்கிறான். வசனம் வன்முறையை மறுக்கிறது. ஆனால் கேமரா அவன் மீசையையும் நடையையும் வீட்டு முற்றத்தையும் வணங்கும் தொலைவில் நின்று படமாக்கியது. அதன் பாடலொன்று சாதிப் பெருமைப் பாடலாகவே தென்மாவட்ட விழாக்களில் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. சொல் ஒன்றையும் காட்சி வேறொன்றையும் சொல்லும்போது மக்களிடம் எது தங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தமிழில் அரிது. 2023இல் ‘மாமன்னன்’ பட விழா மேடையில், கமல்ஹாசன் முன்னிலையிலேயே, ‘தேவர் மகன்’ தந்த வலியும் தன் படம் உருவாக ஒரு காரணம் என்று மாரி செல்வராஜ் கூறியதை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2004இல் வந்த ‘விருமாண்டி’க்கு முதலில் ‘சண்டியர்’ என்று பெயரிடப்பட்டிருந்தது. புதிய தமிழகம் கட்சித் தலைவர் டாக்டர் க. கிருஷ்ணசாமி எதிர்ப்புத் தெரிவித்ததை அடுத்துப் பெயர் மாறியது. அதே ஆண்டில் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ வந்தது. 2007இல் ‘பருத்திவீரன்’, 2008இல் சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’. இவற்றின் வெற்றிக்குப் பின் அரிவாள், திருவிழா, பங்காளிப் பகை, தாய்மாமன் உரிமை ஆகியவற்றைக் கோத்து எடுக்கப்பட்ட படங்கள் தொடர்ந்து வந்தன. கார்த்திகேயன் தாமோதரனும் ஹியூகோ கோரிஞ்சும் 2017இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இவற்றை ‘மதுரை வாய்பாட்டுப் படங்கள்’ என்று வகைப்படுத்தி, அவை சாதிப் பெருமிதத்தை வட்டாரப் பண்பாடாக உருமாற்றுவதைக் காட்டியது. மதுரை அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாலின் ராஜாங்கத்தின் திரைப்பட ஆய்வுகளும் தமிழ்ப் படங்களில் சாதி ஊர்ப் பண்பாட்டின் வேடத்தில் உலவுவதைத் தொடர்ந்து கவனப்படுத்தி வந்துள்ளன.

இப்படங்கள் ‘யதார்த்தம்’ என்ற சொல்லால் பாராட்டப்பட்டன. அந்த யதார்த்தத்தில் எவை இடம்பெறவில்லை என்பதைப் பட்டியலிட்டுப் பார்ப்போம். மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராகத் தேர்வான முருகேசனும் அவருடன் வந்தோரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் மறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை ஒரு தலித் தலைவர் பதவியில் அமர்ந்து பணியாற்ற முடியவில்லை. உத்தப்புரத்தில் தலித்துகளின் பாதையை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதத்தில்தான் இடிக்கப்பட்டது. ‘சுப்ரமணியபுரம்’ திரைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நாம் மேலே குறிப்பிட்ட ஐந்து படங்களில் எதுவும் இந்நிகழ்வுகளைத் தன் கதையின் மையத்தில் வைக்கவில்லை. ஒரு சமவெளியின் மண் நிறத்தை அப்படியே பிடித்த கேமரா, அதன் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான தூரத்தைப் பிடிக்கவில்லை.

இனி ஒவ்வொரு நுட்பமாக எடுத்துக்கொள்வோம்.

1. சட்டகமும் கோணமும்

ஒரு காட்சித்துண்டில் யார் நடுவில் இருக்கிறார், யார் விளிம்பில் இருக்கிறார், யார் தலை வெட்டுப்படுகிறது என்பதைச் சட்டகம் தீர்மானிக்கிறது. சண்டியர் படங்களின் பழகிய இலக்கணம் தாழ்கோணமும் மெதுவோட்டமும். நாயகன் நடந்து வர, தூசி எழ, பார்வையாளர் அவன் காலடியிலிருந்து அவனை நிமிர்ந்து பார்க்க வைக்கப்படுகிறார். ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நிற்பவரின் உடல்நிலையும் இத்தகையதே என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

‘கர்ணன்’ படத்தின் (2021) தொடக்கம் இதற்கு மாறானது. சாலை நடுவில் வலிப்பு வந்து துடிக்கும் சிறுமியைக் கேமரா நேர் மேலிருந்து காட்டுகிறது. இருபுறமும் வண்டிகள் நிற்காமல் கடக்கின்றன. மேல்கோணம் எளியவராகக் காட்டும் என்ற பாடநூல் விதி இங்கே போதாது. இந்தக் கோணம் சிறுமியைச் சிறுமைப்படுத்தவில்லை; நிற்காத ஒவ்வொரு வண்டியையும் சாட்சியமாகப் பதிவு செய்கிறது.

‘மாமன்னன்’ படத்தை உட்காருதல், நிற்றல் என்ற ஒரே கூறை வைத்து வாசிக்கலாம். தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரான மாமன்னன், கட்சிப் பிரமுகரின் முன் நின்றே பழகியவர். தந்தை உட்காரவில்லை என்பதை மகன் கவனிக்கும் கணத்திலிருந்து கதை திரும்புகிறது. இறுதியில் மாமன்னன் சட்டப்பேரவைத் தலைவரின் இருக்கையில் அமர்கிறார். நாற்காலி மறுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் செய்திகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு இக்காட்சியமைப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

2. யாருடைய பார்வை?

லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை, வணிகத் திரையின் கேமரா ஓர் ஆணின் கண்ணாக இயங்குவதை விளக்கியது. 1992இல் பெல் ஹூக்ஸ், அக்கோட்பாட்டில் கறுப்பினப் பெண்ணின் பார்வைக்கு இடமில்லை என்று சுட்டி, ஒடுக்கப்பட்டோர் திரையை எதிர்த்துப் பார்க்கும் பார்வையைப் பற்றி எழுதினார். இவ்விரண்டையும் படித்தவர் நம் படங்களிடம் மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும்: இக்கேமராவின் சாதி எது?

‘விருமாண்டி’ ஒரே நிகழ்வை இருவர் வாயிலாக இருமுறை சொல்கிறது. அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) வழி வந்த இவ்வுத்தி, உண்மை சொல்பவரைப் பொறுத்தது என்பதை உணர்த்தும். ஆனால் இப்படத்தில் சொல்லும் உரிமை பெற்ற இருவருமே ஆதிக்கச் சமூகத்து ஆண்கள். மூன்றாவதாக ஒரு தலித் கூலித் தொழிலாளி அக்கதையைச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது நல்லதொரு வகுப்புப் பயிற்சி.

‘பரியேறும் பெருமாள்’ (2018) நெல்லைச் சீமையில் நிகழ்வது. அதில் வரும் முதியவர் ஒருவர், சாதி மீறிக் காதலித்தவர்களைக் கொல்வதைத் தன் கடமையாகச் செய்கிறார். அக்கொலைகள் ஆற்றில் மூழ்கிய விபத்து, பேருந்திலிருந்து தவறி விழுந்த விபத்து என ஊருக்குத் தெரிய வரும். மாரி செல்வராஜ் அவருக்கு அச்சமூட்டும் ஒளியோ கோணமோ தருவதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் காட்டுவது போலவே காட்டுகிறார். ‘தற்கொலை’ என்றும் ‘விபத்து’ என்றும் நாளிதழில் வந்த செய்திகளை நாம் மறுபடி வாசிக்க இந்தச் சாதாரணத் தன்மையே காரணமாகிறது.

நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படமான ‘ஃபன்றி’ (2013), இகழப்பட்ட சிறுவன் கேமராவை நோக்கிக் கல்லெறிவதோடு முடிகிறது. அதுவரை பாதுகாப்பான இருட்டில் அமர்ந்து அவன் துயரை இரசித்த பார்வையாளரும் அந்தக் கல்லுக்கு இலக்காகிறார்.

3. நேரமும் வெட்டும்

‘பருத்திவீரன்’ படத்தொகுப்புக்காக ராஜா முகமது தேசிய விருது பெற்றார். திருவிழாக் கூட்டத்தில் தொடங்கும் அதன் முதற்பகுதி, கலைஞர்களின் ஆட்டம், தவில், முகங்கள், சண்டை என்று வெட்டி வெட்டி ஒரு வட்டாரத்தையே கண்முன் எழுப்புகிறது. அத்திறனை மறுக்க வேண்டியதில்லை. அந்த வேகத்தில் எதை நின்று பார்க்க நமக்கு நேரம் தரப்படவில்லை என்று கேட்க வேண்டும்.

வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ (2021), மேலூர் அருகே அரிட்டாப்பட்டி வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. சினம் தலைக்கேறிய குடிகாரத் தந்தையும் பள்ளிச் சிறுவனான மகனும் வறண்ட வெளியில் நடக்கிறார்கள். கேமரா அவர்களோடு நடக்கிறது, வெட்டாமல் நடக்கிறது. ஒரு பாடலில் அரை நிமிடத்தில் கடந்திருக்கக்கூடிய தொலைவை நாம் நடையின் நேரத்திலேயே கடக்க நேர்கிறது. வழியில் எலி பிடித்து உண்ணும் ஒரு குடும்பத்தைக் கேமரா நின்று பார்க்கிறது. பரிதாப இசை எழுவதில்லை. கணவனால் துரத்தப்பட்ட தன் சகோதரி கைக்குழந்தையோடு நடந்தே வீடு திரும்பிய நிகழ்விலிருந்து இப்படம் பிறந்ததாக வினோத்ராஜ் கூறியிருக்கிறார். நீள்காட்சி என்ற நுட்பம் ஒரு பெண் நடந்த தூரத்திலிருந்து வந்தது என்பதை அறிந்தபின், அதை வெறும் அழகியல் தெரிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

4. ஒலி

‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசை இல்லை. ஆட்டோவின் இரைச்சல், சேவலின் சிறகடிப்பு, தொண்டை கட்டிய பாண்டியின் கரகரத்த குரல், மீனாவின் மௌனம் ஆகியவையே ஒலித்தடம். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவனைக் காதலித்ததால் ‘பேய் பிடித்தவள்’ என்று கருதப்பட்டு, அவள் பேயோட்டும் பூசாரியிடம் அழைத்துச் செல்லப்படுகிறாள். வழியில் ஒலிபெருக்கியில் கேட்ட திரைப்பாட்டை அவள் மெல்ல முணுமுணுத்ததற்காகப் பாண்டி வெறிகொண்டு அடிக்கிறான். இசையே இல்லாத படத்தில் ஒரு பெண்ணின் முணுமுணுப்பு குற்றமாகிறது. பின்னணி இசை வைத்திருந்தால் பாண்டியின் கோபம் ‘வீரம்’ என்று ஒலித்திருக்கக்கூடும். மௌனத்தில் அது அடியாக மட்டுமே கேட்கிறது.

ஒலியும் காட்சியும் முரண்படும்போது புதிய பொருள் பிறக்கும் என்பது சோவியத் இயக்குநர்கள் காலந்தொட்டுச் சொல்லப்படும் பாடம். மதுரை ஆவணப்பட இயக்குநர் ஆர்.பி. அமுதன், தேசப்பற்றுப் பாடலாகப் புகழ்பெற்ற ‘வந்தே மாதரம்’ இசைப்பதிவை மனித மலம் அகற்றும் பெண்ணின் காட்சிகள் மேல் ஒலிக்க விட்டார். அன்னை மண்ணின் புகழ் காதில் விழுகையில், அம்மண்ணில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலை கண்ணில் படுகிறது.

5. இடமும் பொருளும் நிறமும்

‘சுப்ரமணியபுரம்’ 1980ஆம் ஆண்டு மதுரையைச் சுவரொட்டி, உடை, வாகனம், அரங்கில் ஓடும் படம் வரை நுணுக்கமாக மீட்டெடுத்தது. அதன் கலை இயக்கம் தமிழ்த் திரையில் ஒரு சாதனை. ஆனால் அந்நகரத்தின் எந்தத் தெருவில் யார் வாழ முடிந்தது என்ற சாதியப் புவியியல் அந்த மீட்டெடுப்புக்கு வெளியே நிற்கிறது.

பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) ஒரு சுவரையே மையப் பாத்திரமாக்கியது. ‘காலா’வில் (2018) அதிகாரத்தின் வெள்ளைக்கு எதிரே கறுப்பு உடை நிற்கிறது; இறுதியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைக்கின்றன. ‘பரியேறும் பெருமாள்’ இரு தேநீர்க் குவளைகளையும் அவற்றிடையே ஒரு மல்லிகைப் பூவையும் காட்டி முடிகிறது. இரட்டைக் குவளை முறையை அறிந்த தென்மாவட்ட மாணவருக்கு அக்குவளைகள் ஒரு வரலாறு. அறியாதவருக்கு அவை அழகான நிறைவுக் காட்சி மட்டுமே. ஒரு பொருளின் பொருளைப் பார்வையாளரின் வாழ்வும் சேர்ந்தே எழுதுகிறது.

6. முடிவு

‘காதல்’ படத்தில் இருசக்கர வாகன மெக்கானிக்கான முருகன் அறிவு கலங்கித் தெருவில் நிற்கிறான்; அப்பெண்ணின் கணவனுடைய பெருந்தன்மை அவனுக்கு அடைக்கலம் தருகிறது. ‘பருத்திவீரன்’ படத்தில் சாதிப் பகை கதை முழுவதையும் நகர்த்துகிறது. ஆனால் முத்தழகின் அழிவு அக்குடும்பத்தோடு தொடர்பற்ற வேறு ஆண்களின் கையால் நிகழ்கிறது. இதனால் குற்றம் வீட்டிலிருந்து வழிப்போக்கர் மேல் இடம்பெயர்கிறது. துயரம் நமக்குக் கிடைக்கிறது. பொறுப்பு எவருக்கும் கிடைப்பதில்லை. ‘கொட்டுக்காளி’யோ முடிவைத் திறந்தே விடுகிறது. பூசாரி இன்னொரு பெண்ணின் மேல் நிகழ்த்தும் சடங்கைப் பாண்டி தன் கண்ணால் பார்க்கிறான். அடுத்து அவன் என்ன செய்யப்போகிறான் என்ற கேள்வி, அவனைப் போன்ற ஆண்களிடம் வைக்கப்படுகிறது.

புனைவுக்கு வெளியே: மதுரையின் ஆவணப்படங்கள்

வணிகப் படங்கள் மதுரைக்கு அரிவாளைத் தந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இந்நகரில் வேறொரு திரைமொழி வளர்ந்தது. அமுதன் நிறுவிய ‘மறுபக்கம்’ அமைப்பு, 1998 முதல் மதுரையில் பன்னாட்டு ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தியது. 2003இல் அவர் எடுத்த ‘பீ’, மதுரைத் தெருவொன்றில் மனித மலத்தை அகற்றும் ஒரு பெண் பணியாளரின் வேலையைப் பின்தொடர்கிறது. பார்வையாளர் முகம் திருப்ப விரும்பும் இடத்தில் கேமரா திரும்பாமல் நிற்பதே அதன் பாணி.

2017இல் திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ வந்தது. மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டங்கள் 1993இலும் 2013இலும் இயற்றப்பட்ட பின்னரும் அவ்வேலை தொடர்வதைத் தொழிலாளர்களே கேமரா முன் பேசினார்கள். பல ஊர்களில் திரையிடலுக்குக் காவல்துறை தடை விதித்தது. இயக்குநர் மிரட்டல்களுக்கு உள்ளானார். அதே ஆண்டு ஜூலையில், 2009ஆம் ஆண்டு மாணவர் போராட்ட வழக்கொன்றில் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்தார். அரிவாளைப் பெருமையாகக் காட்டிய படங்கள் அரங்குகளில் தடையின்றி ஓடிய மண்ணில், துடைப்பத்தைக் காட்டிய படத்தைப் பூட்டிய அறையில் பார்க்க நேர்ந்தது. எந்தக் காட்சி அமைதியைக் குலைக்கும் என்று அரசு கருதுகிறது என்பதும் திரைப்படக் கல்வியின் ஒரு பாடமே.

இயக்குநர் பாணி என்பது என்ன?

1954இல் பிரான்சுவா த்ருஃபோ எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற கோட்பாடு பரவியது. ஓர் இயக்குநரின் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சிக் கூறுகளைக் கண்டு அவர் பாணியை வரையறுக்க அது உதவும். இரஞ்சித்தின் படங்களில் கூட்டம், தெரு, விவாதம், சுவர், நூல் ஆகியன திரும்ப வருகின்றன. அவருடைய கேமரா தனிமனிதரைவிடக் குழுவோடு இயல்பாக இருக்கிறது. மாரி செல்வராஜின் படங்களில் நாய், கழுதை, பன்றி போன்ற விலங்குகளும் இறந்தோரும் நாட்டார் தெய்வங்களும் சாட்சிகளாக நிற்கின்றனர். வினோத்ராஜின் படங்கள் பயணங்கள். சாலையே அவற்றின் கதைப்பின்னல்.

ஆனால் பாணியை மேதைமையின் வரமாக மட்டும் விளக்குவது பாதி உண்மை. வினோத்ராஜ் இளம்வயதிலேயே கூலி வேலைக்குச் சென்றவர்; சென்னையில் குறுந்தகட்டுக் கடையில் வேலை செய்தபோது உலகப் படங்களைப் பார்த்தவர்; ‘மணல் மகுடி’ நாடகக் குழுவில் பயின்றவர். நடந்து பழகிய கால்களின் அறிவு அவர் காட்சிகளில் இருக்கிறது. எவருக்கு எந்த வாழ்வு வாய்த்தது, எவருக்குக் கேமரா கிடைத்தது, எவரை நம்பி ஒருவர் பணம் போட்டார் என்பவையும் பாணியின் பகுதிகளே. ‘பரியேறும் பெருமாள்’ உருவாக நீலம் புரொடக்‌ஷன்ஸ் போன்ற ஒரு தயாரிப்பு நிறுவனம் தேவைப்பட்டது என்பதை மறக்கலாகாது.

நம் தரப்புப் படங்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் ஜோ, தன் வீட்டின் சாதியை அறியாத வெள்ளந்திப் பெண்ணாகவே இறுதிவரை வைக்கப்படுகிறாள். தலித் நாயகனின் எழுச்சியைக் காட்டும் பல படங்களில் தலித் பெண் அழுபவளாகவோ காத்திருப்பவளாகவோ நிற்கிறாள். ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படத்தின் ரெனே, தன் அடையாளத்தைத் தானே பேசும் தலித் பெண்ணாக வந்தது இக்குறையை நிரப்பும் ஒரு தொடக்கம். சண்டியரை வணங்கிய தாழ்கோணத்தை அப்படியே எடுத்து நம் நாயகனுக்குப் பொருத்தினால் அது விடுதலையாகுமா என்ற விவாதமும் முடிந்துவிடவில்லை. முடியவும் வேண்டாம், வகுப்பறை அதற்கான இடம்.

வகுப்பறைக்குச் சில பயிற்சிகள்

திரைப்பட வகுப்பிலும் வாசகர் வட்டத்திலும் பயன்படுத்தத்தக்க சில பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறோம்.

ஒன்று: ஒரு ‘மதுரைப் பட’த்தின் நாயகன் அறிமுகக் காட்சியை ஒலியின்றிப் பார்க்கவும். பின்னர் காட்சியின்றி ஒலியை மட்டும் கேட்கவும். வீரம் எங்கிருந்து வருகிறது என்று எழுதவும்.

இரண்டு: ஒரு படத்தின் பத்து நிமிடத்தில் யார் அமர்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யார் வாசலுக்கு வெளியே இருக்கிறார் என்று பட்டியலிடவும்.

மூன்று: கதை நிகழும் ஊரின் வரைபடத்தைப் படத்தில் கண்டவற்றை மட்டும் கொண்டு வரையவும். சேரி, சுடுகாடு, பொதுக்கிணறு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றில் எவை வரைபடத்தில் இல்லை?

நான்கு: வன்முறைக் காட்சியில் அண்மைக் காட்சி அடிப்பவருக்கா, அடிபடுபவருக்கா? ஒவ்வொருவர் முகத்திலும் கேமரா எத்தனை நொடி நிற்கிறது என எண்ணவும்.

ஐந்து: வசனத்தில் சாதி பெயர் சொல்லப்படாத படத்தில், உடை, பெயர், தெய்வம், வீட்டின் அமைப்பு, உணவு வழியாக அது எவ்வாறு அறிவிக்கப்படுகிறது என்று விளக்கவும்.

இப்பயிற்சிகள் எந்தப் படத்தையும் தடை செய்யக் கோருவன அல்ல. பிடித்த படத்தை நேசித்துக்கொண்டே அதன் வேலையைப் புரிந்துகொள்ள முடியும். இதில் பணயமாக இருப்பது திரைப்பட இரசனை மட்டுமன்று. தாழ்கோணத்தில் நடந்துவரும் சண்டியருக்குக் கைதட்டும் வகுப்பில், அந்தச் சண்டியரின் ஊரிலிருந்தே வந்த தலித் மாணவரும் அமர்ந்திருக்கிறார். ‘நுட்பத்தை மட்டும் பாருங்கள்’ என்று அவரிடம் சொல்வது, அவர் தம் ஊரை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்வதாகும்.

கடைசிப் பயிற்சி ஒன்று உண்டு. ‘கூழாங்கல்’ நிகழும் அரிட்டாப்பட்டியும், முருகேசனின் மேலவளவும் ஒரே மேலூர் வட்டாரத்து ஊர்கள். ‘கூழாங்கல்’லில் ஒரு பேருந்து வருகிறது, ‘கர்ணன்’ ஒரு பேருந்து நிறுத்தத்திற்கான போராட்டம், 1997 ஜூன் 30 அன்று மறிக்கப்பட்டதும் ஒரு பேருந்தே. அந்தப் பேருந்தைப் படமாக்கப் போகும் மாணவர் நீங்கள் என்று கொள்ளுங்கள். கேமராவைச் சாலையில், அரிவாளோடு காத்திருப்பவர்களின் பக்கத்தில் வைப்பீர்களா? பேருந்துக்குள், ஆட்சியரிடம் மனுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பும் மனிதர்களுக்கு அருகில் ஓர் இருக்கையில் வைப்பீர்களா? எந்த நொடியில் வெட்டுவீர்கள்? எதைக் காட்ட மறுப்பீர்கள்? இக்கேள்விகளுக்கு எழுதும் விடையே உங்கள் இயக்குநர் பாணியின் முதல் பக்கம்.